விளக்கை அணைத்ததும் கல்லுக்கடியிலிருந்து வரும் முடி வைத்த புழு: இதுதான் நத்தைகளைத் தின்கிறதா?

உப்பளத்துக்காரி, தூத்துக்குடி

எல்லோருக்கும் வணக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கடல்மீன் டேங்க் என்னுடையது இல்லை, மகனுடையது. ஆகஸ்ட் முதல் வாரம் அவன் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் சேர்ந்துவிட்டான். கிளம்புகிற அன்று ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கண்ணாடியில் ஒட்டினான். "லைட் டைமரில் இருக்கிறது, தொடாதே. தண்ணீர் குறைந்தால் ஊற்று. சாப்பாடு ஒரு வேளை. பயப்படாதே." கடைசி வரியை ஏன் எழுதினான் என்று அப்போது புரியவில்லை.

எனக்கு மீன் என்றால் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கத் தெரியும், குழம்பு வைக்கத் தெரியும். வளர்க்கத் தெரியாது. மூன்றடி நீள டேங்க், அகலமும் உயரமும் ஒன்றேகால் அடி. மேலே கண்ணாடி மூடி. உள்ளே இரண்டு கிளவுன் மீன், ஒரு நீல டாம்சல் மீன், நாலு சங்கு நண்டு, ஐந்து நத்தை. நத்தை இப்போது இரண்டுதான். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பத்து நாள் முன்பு காலையில் ஒரு நத்தை மணலில் மல்லாந்து கிடந்தது. தூங்குகிறது என்று நினைத்தேன். அன்றிரவு பதினொன்றரை இருக்கும், தண்ணீர் குடிக்க எழுந்தேன். போகிற போக்கில் டார்ச் அடித்தால், அந்த நத்தை ஓட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒரு புழு. பக்கத்தில் இன்னொன்று வரிசையில் நிற்கிறது. வெந்த இறாலுக்கும் செம்மண்ணுக்கும் நடுவில் ஒரு நிறம். வெளியே தெரிந்தது என் நடுவிரல் நீளம், மீதி கல்லுக்குள். உடம்பின் இரண்டு பக்கமும் வரிசையாக வெள்ளை முடி, பூரானுக்குக் கால் இருப்பது போல. வெளிச்சம் பட்டதும் ரப்பர் பேண்டைச் சுண்டினது மாதிரி உள்ளே போய்விட்டது.

அதற்கப்புறம் இன்னும் இரண்டு நத்தை போயிற்று. மூன்றாவது போன ராத்திரி எனக்குக் கோபம் வந்து கையை உள்ளே விட்டுப் பிடித்தேன். பிடித்த வேகத்தில் விட்டேன். பச்சை மிளகாய் நறுக்கிய கை எரியுமே, அதைப் போல இரண்டு மடங்கு. விரல் நுனியில் கண்ணுக்கே தெரியாத முள். இரண்டு நாள் சோறு பிசைய முடியவில்லை.

ஒன்றைப் பார்க்கப் போய் ஒன்பதைப் பார்த்த கதையாகிவிட்டது. இப்போது தினமும் ராத்திரி ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன். பின்பக்கக் கண்ணாடியிலும் பம்பின் மேலும் கடுகு அளவில் வெள்ளை வெள்ளையாகச் சுருள்கள், சின்னச் சங்கு மாதிரி, கெட்டியாக ஒட்டியிருக்கின்றன. ஒரு கல்லின் இடுக்கிலிருந்து சேமியா மாதிரி ஏழெட்டு இழை வெளியே வந்து மணல் மேல் படுத்திருக்கிறது, தொட்டால் மெதுவாகச் சுருங்குகிறது. வலது ஓரக் கல்லில் பச்சைப் பட்டாணி மாதிரி பளபளவென்று உருண்டைகள். எண்ணினேன், பதினேழு. மணல் மேல் பீட்ரூட் நிறத்தில் ஒரு தோல், அதில் நடுநடுவே காற்றுக் குமிழ். கரண்டியால் எடுத்தால் பாலாடை மாதிரி முழுசாக வருகிறது, மூன்றாம் நாள் திரும்பவும் மூடிவிடுகிறது.

புழுவைக் கொல்லலாமா? எப்படி? மகனிடம் சொல்லவில்லை. சொன்னால் தேர்வை விட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவான். படங்கள் ஆறு போட்டிருக்கிறேன், கை நடுங்கியதால் இரண்டு கலங்கலாக இருக்கும்.


மூணாம் மாடி ரீஃப், மதுரை

அக்கா, எனக்கென்னவோ இது பாபிட் வார்ம் என்கிற, ஒளிந்திருந்து வேட்டையாடும் கடல்புழு என்று தோன்றுகிறது. விளையாட்டில்லை. 2009-இல் இங்கிலாந்தில் நியூகீ என்ற ஊரில் ஒரு மீன் காட்சியகத்தில் பவளங்கள் கடிபட்டுக் கிடந்தன, மீன்களுக்குக் காயம். கல் கல்லாகப் பிரித்துப் பார்த்ததில் நாலடி நீளப் புழு ஒன்று உள்ளே இருந்திருக்கிறது. யாருக்கும் தெரியாமல் எப்போதோ குட்டியாக வந்து அங்கேயே வளர்ந்தது.

யோசிக்காமல் கல்லையெல்லாம் எடுத்து ஒரு பெரிய பாத்திரத்தில் கொதிக்க வைத்துவிடுங்கள். எல்லாம் செத்துவிடும்.


பழைய உப்பு, சென்னை

தம்பி, கல்லைக் கொதிக்க வைக்கச் சொல்வதை முதலில் நிறுத்து. யாருக்கும், எப்போதும் சொல்லாதே. பாலித்தோவா, சோயாந்திட் என்று பொத்தான் மாதிரி ஒட்டிக்கொண்டு வளர்கிற பவள ஜாதி உயிர்களில் சில வகைகளுக்குள் பாலிடாக்சின் என்ற விஷம் உண்டு. சூட்டுக்கு அது அடங்காது. கல்லைக் கொதிக்கவைத்தும், பிரஷ் போட்டுத் தேய்த்தும், அந்த ஆவியையும் தெறிப்பையும் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனையில் படுத்தவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். இந்த அம்மா டேங்கில் அது இல்லாமலே இருக்கலாம். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல்தானே கேட்கிறார்கள்?

அம்மா, நீங்கள் எதையும் கொல்ல வேண்டாம், ஒரு நாள் பொறுங்கள். உங்கள் மூன்றாவது படத்தில் இருப்பது சாதாரண பிரிசில் வார்ம், அதாவது முடிப்புழு, என்பது என் கணிப்பு. அடையாளத்தை நம் குழுவில் 'நுண்ணோக்கி' என்ற பெயரில் எழுதுகிறவர் வந்து உறுதி செய்யட்டும். நான் இந்தப் பொழுதுபோக்குக்கு வந்த புதிதில், உங்களைப் போலவே பயந்து, கொறடு வைத்து ஒரே வாரத்தில் நாற்பதுக்கு மேல் பிடுங்கி எடுத்தேன். வீரச் செயல் என்று நினைப்பு. அடுத்த மாதம் கல்லிடுக்கில் மீந்த சாப்பாடெல்லாம் தங்கி அழுகி, டேங்க் பக்கம் போனால் மூக்கைப் பிடிக்க வேண்டியிருந்தது. குப்பை அள்ளுகிறவரை விரட்டிவிட்டுத் தெரு நாறுகிறது என்று புலம்பின கதை.

பிரிசில் வார்ம் செத்ததைத் தின்னும், சாகக் கிடப்பதையும் தின்னும். நன்றாக இருக்கிற நத்தை மூடியை இறுக்கிக்கொண்டால் இதனால் ஒன்றும் செய்ய முடியாது. அப்படியென்றால் நத்தைகள் எதனால் செத்தன என்பதுதான் கேள்வி. அதற்கு எனக்குச் சில விவரங்கள் வேண்டும். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அளந்தீர்களா? சூடு எத்தனை டிகிரி? சாப்பாடு என்ன, எத்தனை வேளை? கல் எங்கிருந்து வந்தது? பவளப் பாறைக் கல்லாக இருந்தால் அது வேறு தலைவலி. 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் 2001-இலிருந்து பவளங்கள் இருக்கின்றன, செத்த கல் என்றாலும் குற்றம்தான்.

முக்கியமாக ஒன்று. தண்ணீர் குறைந்தால் ஊற்றுகிறீர்களே, எந்தத் தண்ணீர்?


உப்பளத்துக்காரி, தூத்துக்குடி

நன்றி தம்பி. கல் பற்றி முதலில். எங்கள் ஊரில் என் மாமனார் காலத்தில் பவளக் கல்லை வள்ளத்தில் கொண்டுவந்து சுண்ணாம்புக் காளவாசலுக்குக் கொடுத்தார்கள். வான் தீவுக்கு அந்தப் பக்கம் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்று இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள். அதனால் மகன் அந்தப் பக்கமே போகவில்லை. சிமெண்டும் கிளிஞ்சல் தூளும் குழைத்து அவனே கல் செய்தான். இரண்டு மாதம் கொல்லையில் டிரம் தண்ணீரில் ஊறியது. அப்படியிருக்க அதற்குள் புழு எப்படி வந்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

சங்கு நண்டும் நத்தையும் என் தம்பி நண்டு வலையில் சிக்கியதைக் கொண்டுவந்து கொடுத்தான். கூடவே ஒரு கொத்துப் பாசியும், பச்சைத் திராட்சைக் கொத்து மாதிரி இருக்கும், அழகுக்காக.

சாப்பாடு அவன் ஒரு வேளை என்றுதான் எழுதியிருக்கிறான். மூன்று உயிருக்கு நாள் முழுக்க ஒரு வேளையா? நான் காலை, மதியம், ராத்திரி போடுகிறேன். இறால் வாங்குகிற அன்று நாலு இறாலைப் பொடியாக நறுக்கியும் போடுவேன். நன்றாகத்தான் சாப்பிடுகின்றன. சூடு 28.

எந்தத் தண்ணீர் என்று கேட்டிருக்கிறீர்கள். உப்புத் தண்ணீர் டேங்குக்கு உப்புத் தண்ணீர்தானே? தம்பி படகில் போகும்போது தள்ளிப் போய் 20 லிட்டர் கேனில் பிடித்து வருகிறான், அதிலிருந்து தினமும் அரை லிட்டர் ஊற்றுகிறேன். ஒரு நாள் தவறவில்லை. அதனால் தனியாகத் தண்ணீர் மாற்றவில்லை, தினமும்தான் புதுசு போகிறதே.


பழைய உப்பு, சென்னை

அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் இங்கே வைத்துக்கொண்டிருக்கிற பெயரை ஒரு தடவை சத்தமாகப் படித்துப் பாருங்கள்.


உப்பளத்துக்காரி, தூத்துக்குடி

ஐயோ.

தம்பி, படித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் உப்பளத்துச் சம்பளத்தில்தான் இந்த வீட்டில் உலை கொதிக்கிறது. கடல் தண்ணீரைப் பாத்தியில் விடுவார்கள், வெயில் தண்ணீரைக் கொண்டுபோகும், உப்பு தங்கும், குறைந்த இடத்தில் இன்னும் கடல் தண்ணீர் விடுவார்கள். மூன்று டிகிரி உப்பு அடர்த்தியில் வருகிற தண்ணீர் இருபத்தைந்து டிகிரி ஏறினால் உப்பு விழ ஆரம்பிக்கும். இதை என் வீட்டுக்காரர் சாப்பிடும்போதெல்லாம் பேசுவார். நான் ஹாலில் கண்ணாடி போட்டு ஒரு பாத்தி கட்டி வைத்திருக்கிறேன்.

அவர் அளத்தில் வைத்திருக்கிற டிகிரிக் கோலைக் கொண்டுவரச் சொன்னேன். தம்பி கேனில் கொண்டுவந்த கடல் தண்ணீர் மூன்றரைக்குச் சற்று மேல். டேங்க் தண்ணீர் நாலரையைத் தொட்டு நிற்கிறது. அவர் கோலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அப்புறம் மகனின் மேஜை டிராயரில் தேடி அந்தத் துளி விட்டு வெளிச்சத்தில் பார்க்கிற உப்பு அளக்கும் கருவியையும் எடுத்தேன். 42 காட்டுகிறது.

கூடவே டெஸ்ட் கிட் இருந்தது. நைட்ரேட் பார்த்தேன். 50 என்று போட்ட நிறத்தைத் தாண்டிக் குங்குமமாக வந்தது.


பழைய உப்பு, சென்னை

கணக்கும் சரியாக வருகிறது பாருங்கள். கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அரை லிட்டரில் பதினேழரை கிராம். நாற்பத்தைந்து நாளில் 787 கிராம், கிட்டத்தட்ட முக்கால் கிலோவுக்கு மேல். உங்கள் டேங்க் அளவுக்கு மணலும் கல்லும் போக 110 லிட்டர் இருக்கும். லிட்டருக்கு 7 கிராம் கூடியிருக்க வேண்டும். 35-உம் 7-உம் 42. உங்கள் கருவியில் பிழை இல்லை.

மீன் இந்த ஏற்றத்தைச் சமாளிக்கும், புழுவும் தாங்கும். நத்தைக்கு அந்தத் தாங்கும் சக்தி குறைவு. தண்ணீரும் மாற்றாமல், சாப்பாடும் மூன்று வேளை போனதால், கழிவு சிதைந்து வருகிற நைட்ரேட் ஏறியிருக்கிறது. அந்த பீட்ரூட் தோலுக்கும் புழுக் கூட்டத்துக்கும் விருந்து வைத்தது நீங்கள்தான்.

உடனே சரி செய்கிறேன் என்று ஒரே நாளில் நல்ல தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், மிச்ச இரண்டு நத்தையும் போய்விடும். ஒரு நாளைக்கு ஒரு புள்ளிக்கு மேல் இறங்கக் கூடாது. தினமும் இரண்டரை லிட்டர் டேங்க் தண்ணீரை எடுத்துவிட்டு, அதே சூட்டில் இருக்கிற ஆர்ஓ தண்ணீரை இரண்டரை லிட்டர் ஊற்றுங்கள். 42-இலிருந்து 41-க்குச் சற்று மேலே வந்து நிற்கும். 35 வர ஒரு வாரம். அதன் பின் ஆவியாகிற அரை லிட்டருக்கு எப்போதும் ஆர்ஓ மட்டும். கடல் தண்ணீர், வாரம் ஒருமுறை 15 லிட்டர் எடுத்துவிட்டு 15 லிட்டர் மாற்றும்போது மட்டும்.

சாப்பாடு ஒரு வேளை. அம்மா மனசு கேட்காது, தெரியும். இருந்தாலும் ஒரு வேளை.


நுண்ணோக்கி, பரங்கிப்பேட்டை

தாமதத்துக்கு மன்னிக்கணும் அக்கா. படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் கடல்புழு வகைகளைத்தான் படித்தேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் விரலைக் குத்தியது யூரிதோ என்ற இனம் என்று தோன்றுகிறது, பெரும்பாலும் யூரிதோ காம்ப்ளனேட்டா. நம் கடலில் கல்லைப் புரட்டினால் கிடைக்கும். அதன் வெள்ளை முடி சாதாரண முடியில்லை, சுண்ணாம்புச் சத்தால் ஆன குழல். தொட்டால் தோலுக்குள் போய் ஒடியும். அடுத்த முறை குத்தினால் தேய்க்காதீர்கள். செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி உரித்து எடுங்கள், அப்புறம் வினிகரில் விரலை நனையுங்கள். வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ டாக்டரிடம் போய்விட வேண்டும். நெருப்புப் புழு என்று இணையத்தில் படம் போடுகிறார்களே, உயிரோடிருக்கும் பவளத்தையே தின்கிற ஹெர்மோடைஸ், அது அட்லாண்டிக்கிலும் மத்தியதரைக் கடலிலும் இருப்பது. தூத்துக்குடி நண்டு வலையில் அது வராது.

மதுரைத் தம்பி சொன்ன பாபிட் வார்ம் யூனிஸ் இனம். அதைக் கண்டுபிடிக்க நீளம் உதவாது, குட்டியாகவும் இருக்கலாம். தலையைப் பார்க்க வேண்டும். ஐந்து உணர்கொம்புகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். உடம்பு எண்ணெய் விழுந்த தண்ணீர் மாதிரி வானவில் நிறம் அடிக்கும். கழுத்துக்குச் சற்றுப் பின்னால் ஒரு வெள்ளை வளையம் இருக்கும். பக்கத்து முடி குட்டையாக, அவ்வளவாகக் கண்ணில் படாது. உங்கள் புழுவுக்கு முடி அடர்ந்து, தூரிகை மாதிரி இருக்கிறது, பளபளப்பு இல்லை, முதுகோரத்தில் சின்னச் சின்னச் சிவப்புக் கொத்துகள் தெரிகின்றன. அவை செவுள்கள். எனவே பயம் வேண்டாம். உறுதி செய்ய ஆசையிருந்தால் டார்ச் மேல் சிவப்புக் கண்ணாடித் தாள் சுற்றிப் பாருங்கள். சிவப்பு வெளிச்சத்துக்கு அவ்வளவாகப் பயப்படாது, தலையை நிதானமாகப் பார்க்கலாம்.

கடுகுச் சுருள் ஸ்பைரோர்பிட் என்ற குழாய்ப் புழு. உள்ளே இருக்கிற புழு தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடும், யாருக்கும் தொந்தரவு இல்லை. ஆனால் வெர்மெடிட் என்ற நத்தையை இதோடு குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. அதன் குழாய் வாய் கண்ணாடியை விட்டு மேலே எழுந்து நிற்கும், சிலந்தி நூல் மாதிரி சளி இழை விடும். உங்களிடம் அது ஒன்றும் தெரியவில்லை.

சேமியா எனக்குப் பிடித்தது. டெரிபெல்லிட். புழு இடுக்குக்குள் குழாய் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், வெளியே தெரிவது அதன் கைகள். ஒவ்வொரு இழையிலும் ஒரு பள்ளம் ஓடும், மணலிலிருந்து பொறுக்கிய துகள் அந்த வாய்க்கால் வழியாக வாய்க்குப் போகும். லென்ஸ் இருந்தால் ஐந்து நிமிடம் பாருங்கள், அன்றைய தொலைக்காட்சித் தொடரை மறந்துவிடுவீர்கள்.

பச்சைப் பட்டாணி வலோனியா பாசி. ஒரு உருண்டை என்பது ஒரே ஒரு செல். ஆமாம், பட்டாணி அளவுக்கு ஒரு செல். தண்ணீருக்குள் வைத்து உடைக்க வேண்டாம். உடைந்தால் பரவுமா பரவாதா என்று ஆளுக்கொன்று சொல்வார்கள், அந்தச் சண்டைக்குள் நாம் போவானேன்? அந்தக் கல்லை மட்டும் வாளியில் எடுத்து, மழுங்கிய கத்தி முனையால் அடியோடு நெம்பி எடுத்து, அதே வாளித் தண்ணீரில் அலசிவிட்டுத் திரும்ப வையுங்கள்.

பீட்ரூட் தோல் பாசியே இல்லை. சயனோபாக்டீரியா. ஒளிச்சேர்க்கை செய்கிற பாக்டீரியா, அந்தக் குமிழ்கள் அது விடுகிற ஆக்சிஜன். ஒரு சந்தேகம் மட்டும் தீர்த்துக்கொள்ளலாம். சில நேரம் டைனோஃபிளாஜெல்லேட் என்ற ஒன்றும் குமிழோடு வரும், ஆனால் அது மூக்குச் சளி மாதிரி நூல் நூலாக இருக்கும், நிறம் பழுப்பு, ராத்திரி மறைந்து காலையில் திரும்ப வரும். அதில் ஒரு வகை நத்தையைக் கொல்லவும் செய்யும். கொஞ்சம் எடுத்து டேங்க் தண்ணீரோடு பாட்டிலில் குலுக்கி, காகித காபி ஃபில்டரில் வடிகட்டி, வடிந்த தண்ணீரை வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். திரும்ப நூலாகச் சேர்ந்தால் டைனோ. சேராமல் தெளிவாகவே நின்றால் சயனோ. நம் வீட்டுப் பித்தளை ஃபில்டரில் செய்துவிடாதீர்கள், அடுத்த நாள் காபி கெட்டுப்போகும்.

சிமெண்ட் கல்லில் புழு எப்படி என்றால், நண்டு வலைச் சங்கின் உட்சுருளில், அந்தத் திராட்சைப் பாசியின் வேருக்குள், பிடித்துவந்த தண்ணீரில் மிதக்கிற லார்வாவாக. எல்லாம் வித்தவுட் டிக்கெட்.


வெள்ளவத்தை ரீஃப், கொழும்பு

அக்கா, எல்லாரும் வடிவாகச் சொல்லிப்போட்டினம். நான் அந்தத் திராட்சைப் பாசி பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேணும். அது கோலர்பா. நைட்ரேட்டை நன்றாக உறிஞ்சும், அதனால் இருக்கட்டும். ஆனால் அளவோடு வெட்டிக்கொண்டே இருங்கோ. முற்றினால் ஒரே இரவில் தன் உள்ளிருப்பதையெல்லாம் தண்ணீரில் விட்டுப்போட்டு வெள்ளைத் தோலாகிவிடும். எனக்கு ஒருமுறை நடந்தது. விடியத் தண்ணீர் பச்சைப் பால் மாதிரி, மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

வெட்டினதை மட்டும் கடலிலோ கானிலோ (சாக்கடையிலோ) போடாதேங்கோ. வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்கோ. உங்கட கடலிலிருந்து வந்ததுதானே என்று தோன்றும், ஆனால் பழக்கம் பழக்கம்தான். இதன் ஒரு வகை, கோலர்பா டாக்ஸிஃபோலியா, 1984-இல் மொனாக்கோவில் கடல் அருங்காட்சியகத்துக்குக் கீழே ஒரு சின்னத் திட்டாகத் தெரிந்தது. பிறகு மத்தியதரைக் கடலில் எங்கெங்கோ பரவினது. 2000-இல் கலிஃபோர்னியாவில் ஒரு உப்பங்கழியில் கண்டபோது அவர்கள் தார்ப்பாய் போட்டு மூடி, அடியில் குளோரின் விட்டுத்தான் கொன்றார்கள். முழுசாக ஒழிந்தது என்று சொல்ல 2006 ஆகிவிட்டது. உங்கட பக்கத்திலும் ராமேஸ்வரத்தில் தெப்பம் கட்டி வளர்த்த வெளிநாட்டுப் பாசி குருசடைத் தீவில் உயிருள்ள முருகைக்கற்களை (பவளங்களை) மூடினது தெரிந்திருக்கும்.

அந்தச் சிவப்புத் தோலுக்கு எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் குளிசை போடச் சொல்லி யாராவது சொல்லுவினம். கேட்காதேங்கோ, மணலில் இருக்கிற நல்ல பாக்டீரியாவுக்கும் அது மருந்துதான். மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுங்கோ, பம்பின் வாயை மணல் பக்கம் கொஞ்சம் திருப்புங்கோ.


மூணாம் மாடி ரீஃப், மதுரை

கொதிக்கவைக்கச் சொன்னதற்கு மன்னிக்கணும் அக்கா. பாலிடாக்சின் விஷயம் எனக்குத் தெரியாது. என் டேங்கில் சோயாந்திட் இருக்கிறது. இன்றே போய்க் கையுறை வாங்கினேன்.


உப்பளத்துக்காரி, தூத்துக்குடி

நாலு வாரம் கழித்து வருகிறேன். திட்டாதீர்கள், நடுவில் வீட்டில் ஒரு கல்யாணம்.

உப்பு எட்டாம் நாள் 35-க்கு வந்தது. இதை நான் செய்தேன் என்று சொல்ல முடியாது. மூன்றாம் நாளே வீட்டுக்காரர் வாளியைப் பிடுங்கிக்கொண்டார். இரண்டு வருஷமாக அந்த டேங்க் பக்கம் திரும்பிப் பார்க்காத மனிதர். இப்போது அளத்திலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் கோலை விட்டுப் பார்த்து, மகன் ஒட்டிய தாளுக்குப் பக்கத்தில் இன்னொரு தாள் ஒட்டித் தேதி போட்டு எழுதுகிறார். அளத்தில் டிகிரி ஏறினால் சந்தோஷம், வீட்டில் இறங்கினால் சந்தோஷம் என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொள்கிறார்.

காபி ஃபில்டர் சோதனைக்குக் காகிதம் கிடைக்கவில்லை, பக்கத்துப் பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருந்து வடிதாள் ஒன்று வாங்கிவந்தேன். ஒரு மணி நேரம் வைத்ததில் தண்ணீர் தெளிவாகவே நின்றது. சயனோதான். குழாயால் நாலு தடவை உறிஞ்சினேன். இப்போது இடது மூலையில் உள்ளங்கை அளவுதான் மிச்சம். பட்டாணி பதினேழையும் கல்லோடு எடுத்து நெம்பினேன், ஒன்று உடைந்துவிட்டது, வாளியில்தான், டேங்கில் இல்லை. போன வாரம் புதிதாக இரண்டு முளைத்திருக்கிறது.

சாப்பாடு ஒரு வேளை. முதல் நாலு நாள் அந்த இரண்டு கிளவுனும் நான் போகும்போதெல்லாம் கண்ணாடியில் வந்து முட்டும். மனசைக் கல்லாக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவேன். கல் என்றால் சிமெண்ட் கல்.

புழுவைப் பற்றி. ஆர்வத்தில் ஒருநாள் சின்ன பாட்டிலில் ஸ்ட்ராவைச் செருகி, இறால் தலையைப் போட்டு மணலில் புதைத்து வைத்தேன். காலையில் உள்ளே இரண்டு. ஸ்கேலை வைத்துப் பார்த்தால் பெரியது 14 சென்டிமீட்டர். சிவப்புத் தாள் டார்ச்சில் தலையைப் பார்த்தேன், ஐந்து கொம்பு இல்லை, வானவில்லும் இல்லை, செவுள் கொத்துகள் நுண்ணோக்கி சொன்ன மாதிரியே இருந்தன. பெரியதைக் கொன்றுவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன், விரல் எரிந்தது நினைவு இருக்கிறதே. அப்புறம் பாட்டிலைக் கவிழ்த்து விட்டுவிட்டேன். முன்பு டார்ச் அடித்தால் ஏழெட்டுத் தெரியும், இப்போது இரண்டு மூன்றுதான் வருகின்றன. மீந்துபோவது குறைந்ததும் அவையும் குறைந்துவிட்டன போலிருக்கிறது.

நத்தை இரண்டும் இருக்கின்றன. ராத்திரி கண்ணாடியில் ஏறி வரி வரியாக மேய்கின்றன.

மகனுக்குச் சொல்லிவிட்டேன். போனில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அம்மா, ஆர்ஓ தண்ணின்னு எழுதியிருக்கணும், என் தப்பு" என்றான். தீபாவளிக்கு வருகிறான். சேமியாவைத் தொடக் கூடாது என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. நேற்று ராத்திரியிலிருந்து முன்பக்கக் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். நொய்யரிசியில் கால்வாசிகூட இருக்காது. நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, நின்று நின்று துள்ளித் துள்ளி ஓடுகின்றன. இது என்ன? படம் எடுக்கப் பார்த்தேன், சிக்கவில்லை.


நுண்ணோக்கி, பரங்கிப்பேட்டை

கோபிபாட் அக்கா. குட்டி இறால் ஜாதி. மீனுக்குத் தீனி, காசில்லாமல். தூங்கப் போங்கள்.